மேக்கில் ஸ்டார்ட்அப் டிஸ்க் அழிய மறுக்கிறதா? இப்படிச் செய்து பாருங்கள்

மேக் பூட் ஆகும் உள் டிஸ்க்கை அழிக்க டிஸ்க் யூட்டிலிட்டியில் எரேஸ் கொடுத்தால் பாதியில் நின்று, டிஸ்க்கை அன்மவுன்ட் செய்ய, அதாவது பயன்பாட்டிலிருந்து விடுவிக்க, முடியவில்லை என்று 69888 என்ற எண்ணோடு பிழை வருகிறதா? டிஸ்க் போய்விட்டது என்று புதிது வாங்கக் கிளம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது.

பேக்கப் எடுத்து, ஐகிளவுடிலிருந்தும் சைன் அவுட் ஆகிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. உங்களுடையது ஆப்பிள் சிலிக்கானா (எம்1 முதலான ஆப்பிளின் சொந்தச் சிப்), இன்டெல்லா என்று 'அபவுட் திஸ் மேக்'கில் பாருங்கள். ஆப்பிள் சிலிக்கான், அல்லது டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சிப் உள்ள இன்டெல் என்றால், 2021இல் வந்த மேக்ஓஎஸ் மான்டரே முதல் 'எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' இருக்கிறது. அது போதும், மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

2. மற்ற இன்டெல் மேக்குகளுக்குத்தான் இந்தப் படி, சிக்கலே இங்கேதான். எல்லோரும் ஆன் செய்யும்போது கமாண்ட், ஆர் இரண்டையும் அழுத்தி, மேக்கைப் பழுதுபார்க்க உதவும் ரிக்கவரிக்குள் போவார்கள். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்த ரிக்கவரி, நாம் அழிக்கப் போகும் அதே டிஸ்க்கின் மறைவான பகுதியிலிருந்துதான் ஓடுகிறது, அப்புறம் டிஸ்க் எப்படி விட்டுக்கொடுக்கும்? உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிற கதைதான். அதனால் ஆன் செய்ததும் ஆப்ஷன், கமாண்ட், ஆர் மூன்றையும் சேர்த்து, திரையில் உருண்டை சுழலும் வரை பிடித்திருங்கள். இப்போது ரிக்கவரி இணையத்திலிருந்து இறங்கி மெமரியில் ஓடும், உள் டிஸ்க் சும்மா இருக்கும். ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தாதீர்கள். மேக்கோடு வந்த பழைய பதிப்பு இறங்கும், அது 2017இன் ஹை சியராவுக்கு முந்தையது என்றால் ஏபிஎஃப்எஸ் என்ற ஆப்பிளின் புதிய ஃபார்மட்டில் உள்ள டிஸ்க்கையே அதற்குச் சரியாகக் கையாளத் தெரியாது.

3. டிஸ்க் யூட்டிலிட்டியில் வியூ மெனு போய் 'ஷோ ஆல் டிவைசஸ்' கொடுங்கள். இடப்பக்கம் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து எரேஸ். ஃபார்மட் ஏபிஎஃப்எஸ், ஸ்கீம் ஜியூஐடி. ஸ்கீம் என்ற தேர்வே வரவில்லை என்றால் டிஸ்க்கை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் பகுதியை (வால்யூம்) தொட்டிருக்கிறீர்கள், மேலே போங்கள்.

அப்போதும் அடம்பிடித்தால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் வலுக்கட்டாயமாக அன்மவுன்ட் செய்யலாம்தான், ஆனால் புதியவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். டிஸ்க் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பக்கத்தில் செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க்கும் காலி. யூஎஸ்பி இன்ஸ்டாலர் ஒன்று செய்து அதிலிருந்து பூட் செய்வதுதான் என் கட்சி.

பிறகு சேர்த்தவை: டி2 மேக்கில் யூஎஸ்பி வழியாக வருவதாக இருந்தால், அழிப்பதற்கு முன்பே ரிக்கவரியின் 'ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யூட்டிலிட்டி'யில் வெளி டிஸ்க்குக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள். அழித்த பிறகு போனால் அட்மின் கணக்கு எங்கே என்று கேட்கும், கணக்கு டிஸ்க்கோடு போயிருக்கும்.

ஆப்பிள் சிலிக்கானில் டெர்மினல் வழியாக முழு டிஸ்க்கையும் துடைக்கவே கூடாது. பூட் ஆவதற்குத் தேவையானவையும் அதே எஸ்எஸ்டியில்தான் இருக்கின்றன. ஏற்கெனவே துடைத்துவிட்டீர்கள் என்றால், இன்னொரு மேக்கைக் கேபிளில் இணைத்து, டிஎஃப்யூ என்ற ஃபர்ம்வேர் மீட்பு முறையில் ரிஸ்டோர் செய்ய வேண்டும்.