ஒருமுறை வந்தவர் மறுபடி வர: தளத்துக்கு ஃபீட் அமைக்கும் முறை

மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடு ஏறுகிறவர் இறங்கும்போது கால் கிலோ மிளகோ காபித்தூளோ வாங்கிக்கொண்டு போவார். பாக்கெட்டில் தோட்டத்தின் இணைய முகவரி இருக்கும். வீட்டுக்குப் போய் ஒருமுறை திறந்து பார்ப்பார், அதோடு சரி. தூள் தீரும் நாளில் பாக்கெட் குப்பைக்குப் போயிருக்கும். தளத்தில் புதுச் சரக்கு வந்ததை அவரிடம் தானாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏற்பாடுதான் ஆர்எஸ்எஸ் ஃபீட்.

அது ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது நிரல்கள் படிப்பதற்காகக் குறியிட்டு எழுதிய உரை, அவ்வளவுதான். தளத்தில் கடைசியாக வந்த சில பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, தேதி, சுருக்கம் அதில் வரிசையாக இருக்கும். ஃபீட்லி, இனோரீடர் போன்ற ரீடர்கள் அவ்வப்போது வந்து அதைப் படித்து, புதியதைத் தங்கள் பயனருக்குக் காட்டும். 2013-ல் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது ஃபீட்டின் கதை முடிந்ததாகப் பலர் நினைத்தார்கள். ஆனால் பாட்காஸ்ட் இன்றும் பெரும்பாலும் ஃபீட்டில்தான் ஓடுகிறது.

முதலில், உங்களிடம் ஏற்கெனவே ஃபீட் இருக்கிறதா என்று பாருங்கள். வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளமானால் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் போதும். திரையில் டேக்குகளும் கோணக் குறிகளுமாகக் கொட்டும். பயப்பட வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கிறது.

அடுத்து, ஃபீட்டைப் பிரியுங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். தோட்டத்தில் அறை வாடகைக்கு விடுகிறீர்கள், காபியும் விற்கிறீர்கள் என்றால் இரண்டுக்கும் வாசகர் வேறு. மிளகு வாங்க வந்தவருக்கு வாராவாரம் அறைச் சலுகை போனால் மூன்றாவது வாரம் ஃபீட்டையே எடுத்துவிடுவார். வேர்ட்பிரஸில் ‘விளைச்சல்’, ‘தங்கல்’ என்று இரண்டு வகைகள் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீட் தானாக உண்டு: வகைப் பக்கத்தின் முகவரியோடு அதே ‘ஃபீட்’. வகைப் பெயர் தமிழில் இருக்கட்டும். முகவரியில் அந்தப் பெயருக்காக வரும் துண்டு, அதாவது ஸ்லக் மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாக இருக்கட்டும். தமிழின் ஒவ்வொரு குறியும் முகவரியில் 9 எழுத்துகளாக விரியும். வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்குக் கொடுக்கும் இடம் 200 எழுத்து. அதாவது 22 குறிகளோடு அறுந்துவிடும். ‘மிளகு’ என்பதே உயிர்க்குறிகளெல்லாம் சேர்த்து 5 குறி.

பிறகு அமைப்புகளில் ‘ரீடிங்’ பக்கம். ஃபீட்டில் எத்தனை பதிவு என்பது இயல்பாக 10. ஒரே நாளில் 12 பதிவு ஏற்றினால் ரீடர் வருவதற்குள் முதல் இரண்டு கீழே விழுந்துவிடும், யார் கண்ணிலும் படாது. 20 வையுங்கள். அதே பக்கத்தில் முழுப் பதிவா, சுருக்கமா என்ற கேள்வியும் உண்டு. சுருக்கம் என்றால் முதல் 55 சொற்களை வெட்டிக் கொடுக்கும். ஆளைத் தளத்துக்கு இழுக்க எல்லாரும் சுருக்கத்தைத்தான் சொல்வார்கள். விற்பனைப் பதிவுக்கு அது சரி, முதல் இரண்டு வரியில் விலையும் இருப்பும் வந்துவிட்டால். வறுப்பது, அரைப்பது பற்றிய பதிவுகளை வெட்டிக் கொடுத்தால் எரிச்சல்தான் மிஞ்சும்; தமக்கு என்ன இருக்கிறது என்று தெரியாத இணைப்பை யாரும் தட்டுவதில்லை.

ரீடரில் பல சமயம் தலைப்பு மட்டுமே தெரியும். ‘புதிய வரவு!’ என்று எழுதினால் போயிற்று. ‘தை மிளகு: 40 கிலோ இருப்பு, கால் கிலோவிலிருந்து’ என்று எழுதுங்கள்.

வேர்ட்பிரஸ் அமைப்புகளில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று மாற்றுங்கள். அது உலகப் பொது நேரமான யுடிசியிலேயே கிடந்தால், காலை 9 மணிக்கு வெளியிடச் சொல்லி வைத்த பதிவு மதியம் 2:30-க்குத்தான் வரும்.

ஃபீட்டைக் கையால் எழுதுகிறவர்களுக்கு மூன்று கண்ணிகள். ஒன்று, தேதி. கிழமை, நாள், மாதம், ஆண்டு, நேரம், கடைசியில் +0530, இதுதான் வரிசை. கிழமையும் மாதமும் ஆங்கில மூன்றெழுத்துச் சுருக்கமாகவே இருக்க வேண்டும். ‘வெள்ளி’, ‘ஜனவரி’ என்று போட்டால் ரீடருக்குப் புரியாது. இரண்டு, ‘காபி & மிளகு’ என்ற தலைப்பு. அந்த & குறியை எக்ஸ்எம்எல்லுக்குரிய மாற்றுக் குறியீடாக எழுதாவிட்டால் ஃபீட் முழுவதும் உடையும், அந்த ஒரு பதிவு மட்டுமல்ல. தமிழில் ‘காபி, மிளகு’ என்று எழுதிவிட்டால் தொல்லையே இல்லை. மூன்றாவதுதான் பெரியது: ஒவ்வொரு பதிவுக்கும் ‘குயிட்’ (guid) என்றொரு அடையாளம் உண்டு. ரீடர் ஒரு பதிவை முன்பே பார்த்ததா என்று கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். பலர் பக்கத்தின் முகவரியையே குயிட்டாக வைக்கிறார்கள். பிறகு தளத்தைப் பாதுகாப்பான முகவரி முறையான எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றும்போது 20 பதிவுகளின் அடையாளமும் மாறி, பழைய சரக்கெல்லாம் புதிதுபோல வாசகரிடம் ஒரே நேரத்தில் கொட்டும். ஒருமுறை வைத்த குயிட்டைத் தொடவே கூடாது. வேர்ட்பிரஸ் உள்ளே வைத்திருப்பதையும் தோண்ட வேண்டாம்.

ஃபீட்டைத் திறந்தால் முதல் வரியிலேயே பிழை காட்டுகிறதா? பெரும்பாலும் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பின் தொடக்கத்திலோ கடைசியிலோ ஒரு வெற்று வரி இருக்கும். எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு முன்னால் காற்றுகூடப் புகக்கூடாது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு நடத்தும் இலவச ஃபீட் சரிபார்ப்பானில் முகவரியைக் கொடுத்தால் பிழை இருக்கும் வரி எண்ணைச் சொல்லிவிடும். அதில் எல்லாம் சரி என்று வந்தும் ரீடரில் பதிவு வரவில்லை என்றால் தளத்தின் காவல் நிரலான ஃபயர்வால் ரீடரை ரோபோ என்று தடுத்திருக்கலாம், அல்லது பக்கங்களின் நகலைச் சேமித்துத் தரும் கேஷ் பிளகின் நேற்றைய ஃபீட்டையே கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஃபீட் முகவரிக்கு இரண்டிலும் விலக்கு கொடுங்கள்.

நம் வாடிக்கையாளரில் எத்தனை பேர் ரீடர் வைத்திருப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. குறைவுதான். அதனால் ஃபீட்டை ஊற்றாக வைத்து வாய்க்கால் வெட்டுங்கள். மெயில்சிம்ப் போன்ற சேவை ஃபீட்டைப் பார்த்து, புதிது இருந்தால் மட்டும் மின்னஞ்சல் அனுப்பும். ஒரு சேவையில் நடப்பதை இன்னொன்றுக்குக் கடத்தும் இஃப்ட் (IFTTT) வழியாக டெலிகிராம் சேனலுக்கும் விடலாம். வாட்ஸ்அப்பில் கையால் ஒட்டுவதே நல்லது. அங்கே இரண்டு வரி சொந்தமாக எழுதினால்தான் மதிப்பு.

சேலத்து மல்கோவா விற்கிறவருக்கு வேலை கோடையில் சில வாரம்தான். மீதி மாதங்களை நிரப்ப எதையாவது எழுத வேண்டாம். ஃபீட் சும்மா இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. முதல் கூடை இறங்கும் நாளில் பேசினால் போதும்.

எண்ணிக்கை பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. சர்வர் பதிவேட்டில் ஃபீட்டைக் கேட்டு வந்த தட்டுகள் (ஹிட்) ஆள் கணக்கல்ல. மணிக்கு ஒருமுறை வரும் ஒரே ரீடர் நாளுக்கு 24 தட்டு தட்டும். ஃபீட்லி போன்ற சில ரீடர்கள் தங்கள் பெயரோடு சந்தாதாரர் எண்ணிக்கையையும் அந்தப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகும், அதைப் பாருங்கள்.

‘டெஸ்ட்’ என்று ஒரு பதிவு போட்டுப் பார்க்கும் ஆசை வரும். உண்மையான தளத்தில் போடாதீர்கள். நீங்கள் நீக்கினாலும் ரீடர் ஏற்கெனவே எடுத்துப்போனது வாசகரிடம் கிடக்கும். தப்பான விலையும் அப்படியே. பழைய பதிவைத் திருத்துவதோடு நிறுத்தாமல், ‘விலைத் திருத்தம்: தை மிளகு’ என்று புதுப் பதிவு ஒன்றையும் அன்றே போட்டுவிடுங்கள்.