புது டிவி, ஹோம் தியேட்டர்: பொருத்தியதும் நடக்கும் தவறுகள்

வண்ணார்பேட்டை ஷோரூம்களில் வரிசையாக ஓடும் டிவிகள் ஒன்றை ஒன்று முந்தப் பார்ப்பவை. அத்தனை விளக்கு வெளிச்சத்தில் சற்று மங்கலாகத் தெரியும் டிவியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் கடைக்கென்றே தனி மோடு உண்டு. முதல் தடவை ஆன் செய்யும்போது 'வீடா, கடையா' என்று டிவி கேட்கும். பொருத்த வருகிறவர் அவசரத்தில் கடை என்று அழுத்திவிட்டால் வெளிச்சம் உச்சத்திலேயே நிற்கும். நீங்கள் மாற்றி வைத்த செட்டிங்கும் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடும். டிவி கெட்டுவிட்டதோ என்று கடை அண்ணாச்சிக்கு போன் போடும் முன் இதைப் பாருங்கள்.

அடுத்தது 'விவிட்' மோடு. சினிமாவுக்கும் டிவிக்கும் வண்ணம் சரிசெய்பவர்கள் ஏறக்குறைய 6500 கெல்வின் (வெள்ளை நிறத்தின் சாயலை அளக்கும் அலகு) வெண்மையை அடிப்படையாக வைக்கிறார்கள். விவிட் அதில் நீலத்தை ஏற்றிவிடும், ஆட்கள் முகமெல்லாம் பெயின்ட் பூசியதுபோல் ஆகும். மூவி, சினிமா, ஃபிலிம்மேக்கர் என்று எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். முதலில் மஞ்சளடித்த மாதிரிதான் தெரியும். உடனே பழையதற்குப் போய்விடாதீர்கள், இரண்டு மூன்று நாளில் கண் பழகிவிடும். நம்மூர் மத்தியான வெயிலில் படம் இருட்டாகத் தெரிந்தால் பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை, மட்டும் கூட்டுங்கள். 'பிரைட்னஸ்' சில டிவிகளில் பேக்லைட்டைக் குறிக்கும், சிலவற்றில் கறுப்பின் அளவைக் குறிக்கும். இரண்டாவது வகையில் அதை ஏற்றினால் கறுப்பு சாம்பலாகிவிடும்.

ஷார்ப்னஸைக் குறைத்துக்கொண்டே வந்து, எழுத்துகளைச் சுற்றித் தெரியும் வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்தினால் போதும். சினிமா படம் சீரியல் மாதிரி வழுவழுவென்று ஓடுகிறதா? நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்துக்கு நடுவே டிவி தானாகவே புது ஃபிரேம்களைச் செருகுகிறது. மோஷன் என்ற பெயர் வரும் மெனுவில் அதை அணைக்கலாம். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

டிவியை வாசல் நிலை உயரத்துக்கு மாட்டுவது நம்ம பக்கத்து வீடுகளில் நிரந்தர நோய். கழுத்தும் வலிக்கும், பல எல்இடி டிவிகளில் கீழிருந்து பார்த்தால் நிறமும் வெளுக்கும். உட்கார்ந்தால் கண் நிற்கும் உயரத்துக்குத் திரையின் நடுப்பகுதி வரட்டும். 55 இன்ச் டிவிக்கு ஏழு, எட்டு அடி தூரம் தாராளம்.

படத்தில் செய்யும் தவறு கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான். சத்தத்தில் செய்யும் தவறு போட்ட காசையே வீணாக்கும். ஐந்து ஸ்பீக்கரையும் டிவிக்குக் கீழே ஒரே ஷெல்ஃபில் அடுக்கி வைத்த ஹால்கள் பாளையங்கோட்டையிலும் உண்டு, தென்காசியிலும் உண்டு. 5.1 (ஐந்து ஸ்பீக்கர், அடிச் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர்) என்றால் சென்டர் ஸ்பீக்கர் திரையை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும், வசனம் அதில்தான் வரும். முன் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி அளவில் இருபுறமும் விலகியிருக்க வேண்டும். சரவுண்ட் இரண்டும் உங்கள் தோளுக்குச் சற்றுப் பின்னால், 110 டிகிரி வாக்கில். ஒயரில் சிவப்பு, கறுப்பு மாறாமல் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினாலும் பேஸ், அதாவது கனத்த அடிச் சத்தம், காணாமல் போய்விடும்.

சப்வூஃபரை மூலையில் தள்ளி, கோயில் கொடைக்குக் கட்டும் பெட்டிபோல் வீட்டை அதிர வைப்பதில் பலருக்கு ஒரு பெருமை. சுவர் மூலை பேஸை ஊதிப் பெருக்கும், வசனம் அதில் மூழ்கிவிடும். மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தி, கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழுள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற செட்டிங்) 80 ஹெர்ட்ஸில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். மைக் வைத்து அளக்கும் வசதி ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) இருந்தால், மைக் காது உயரத்தில் இருக்கட்டும், ஃபேன் நிற்கட்டும். வேர்க்கும், ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம்.

டைல்ஸ் தரையும் காங்கிரீட் கூரையும் சத்தத்தை எதிரொலிக்கும். பத்தமடைப் பாய் அழகுதான், ஆனால் சத்தத்தை உறிஞ்ச அந்த மெல்லிசு போதாது. கனமான ஜமுக்காளமும் திரைச்சீலையும் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

ரிசீவரிலிருந்து வரும் எச்டிஎம்ஐ ஒயரை டிவியில் ஏஆர்சி (டிவியின் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) என்று எழுதிய போர்ட்டில்தான் செருக வேண்டும். டிவியின் ஆடியோ அவுட்புட் 'பிசிஎம்' என்று நின்றால், பெரும்பாலும் ஆறு சேனல் சத்தம் இரண்டாகச் சுருங்கியே போய்ச் சேரும். பாஸ்த்ரூ (வந்த சத்தத்தை அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஸ்பைக் பஸ்டரை மட்டும் நம்பிப் பயனில்லை. வானம் இருட்டிக்கொண்டு வரும்போதே பிளக்கையும் டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் இடி முழங்க ஆரம்பித்த பிறகு ஒயரில் கை வைக்க வேண்டாம்.