சீனாவில் இருமொழிப் பள்ளியில் வேலைக்குப் போகிறீர்களா?

பெயர்ப்பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று இருந்தாலும், ஷாங்காய், ஷென்ஜென் போன்ற ஊர்களின் இருமொழிப் பள்ளிகளில் படிப்பது பெரும்பாலும் சீனப் பிள்ளைகள்தான். ஒன்பதாம் வகுப்பு வரை அவர்களுக்கு அரசுப் பாடத்திட்டம் கட்டாயம், அதனால் ஏ லெவல், ஐபி டிப்ளமா போன்ற சர்வதேசப் பாடத்திட்டங்கள் எல்லாம் அதற்கு மேல்தான் வரும். எந்த வகுப்பு, எந்தப் பாடத்திட்டம் என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கூகுள் டிரைவ், யூடியூப், ஜிமெயில் எதுவும் அங்கே சாதாரணமாகத் திறக்காது. ஸ்லைடில் யூடியூப் லிங்க்கை ஒட்டி வைத்திருந்தால் வகுப்பில் வெறும் கட்டம்தான் தெரியும், முப்பது பிள்ளைகளும் உங்களையே பார்ப்பார்கள். வீடியோ, ஒர்க்‌ஷீட் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே ஹார்டு டிஸ்க்கில் இறக்கிக்கொள்ளுங்கள். தேட பிங் இருக்கிறது. பெற்றோர், அலுவலகம் என எல்லாப் பேச்சும் வீசாட் என்ற சீன மெசேஜ் ஆப்பில்தான், ராத்திரி பத்து மணிக்கும் மெசேஜ் வரும்.

விமான டிக்கெட் போடும் முன் அரசின் விடுமுறை அறிவிப்பைப் பாருங்கள். அக்டோபர் 1 தேசிய நாளை ஒட்டிய நீண்ட விடுமுறைக்கு ஈடாக, பக்கத்துச் சனியோ ஞாயிறோ வேலை நாளாகிவிடும் (கொஞ்சம் அநியாயம்தான்). அன்றைக்கு எந்தக் கிழமையின் டைம்டேபிள் என்பதையும் கூட வேலை பார்க்கும் சீன ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.