கோத்தகிரிக்குப் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் மலையேறினால் வரும் கோத்தகிரியை ஆங்கிலேயர் ‘கோட்டகெரி’ என எழுதி வைத்தனர். ஆகவே பாட்டனாரின் பழைய தாள்களில் அப்பெயர் தென்பட்டால் வேறோர் ஊரென்று எண்ண வேண்டாம். இப்பெயருக்கும் கோட்டைக்கும் தொடர்பில்லை. நீலகிரியின் பழங்குடியினரான கோத்தர்களின் பெயரால் அமைந்த ஊர் இது. ஆண்கள் கொல்லர் வேலையும் தச்சும் செய்ய, பெண்கள் பானை வனைய, நீலகிரிக் குடிகள் அனைவருக்கும் கருவியும் இசையும் கொடுத்துவந்தவர்கள் கோத்தர்கள். அவர்களுடைய குடியிருப்பில் கேட்காமல் படமெடுப்பது முறையன்று.

‘ஹட்டி’ என முடியும் பெயர்கள் நீலகிரியின் இன்னொரு சமூகமான படகர்களின் ஊர்கள். வடக்கேயிருந்து, அதாவது மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதே படகர் என்ற சொல்லின் பொருள். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் முதலில் வந்தது இப்பக்கம்தான். உதகை பிறகே எழுந்தது. கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவகமாக உள்ளது. டிசம்பர், ஜனவரியில் அருகிலுள்ள பேரகணியில் நடக்கும், படகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவுக்குச் செல்வோர் அறையை முன்கூட்டியே பதிவது நல்லது. சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வருவோருக்கு, நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் என்ற இணையவழி அனுமதி தேவை. வெளிநாட்டுத் தொலைபேசி எண் வைத்திருப்போர் மின்னஞ்சல் வழியே பதியலாம். அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இலங்கை மலையகத்தில் வேர் உள்ளவர்கள் ஒரு நாளாவது கூடுதலாகத் தங்க வேண்டும். இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் உள்ளன. அரசு அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றது. அவர்களில் பலர் அதற்கு முன் இந்த மண்ணைக் கண்டதே இல்லை. அகதி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்: அவர்கள் இந்தியக் குடியுரிமையோடு வந்தவர்கள், அச்சொல் மனத்தைப் புண்படுத்தும்.

உறவினரைத் தேடுவோருக்குச் சாதிப்பெயரோ சொந்த ஊரோ அவ்வளவு உதவாது. தேநீர்க்கடையில் நான் விசாரித்தபோது, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பாட்டி ஒருவர் கேட்ட முதற்கேள்வி, “அங்க எந்தத் தோட்டம், எந்த டிவிசன்?” என்பதுதான். எனக்குத் தோட்டத்தின் பெயர் தெரியும், அதன் உட்பிரிவான டிவிசன் தெரியாது. “லயத்துல பெரட்டுக் களம் எந்தப் பக்கம்னாவது சொன்னாங்களா?” என்றார். லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பெரட்டுக் களம் என்பது வேலைக்குமுன் அவர்கள் கூடும் இடம். அதுவும் தெரியவில்லை. புறப்படுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் தோட்டம், டிவிசன், பெரட்டுக் களம் இருந்த பக்கம் ஆகியவற்றையும், கப்பலேறிய ஆண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து வந்திறங்கியவர்களுக்கு ராமேசுவரம் அருகே மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை எவரிடமாவது இருந்தால் அதன் நகலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.