லேசர் பிரிண்டர் ஃபியூசருக்கு நல்ல ஸ்பேர் பார்ட்ஸ் பார்த்து வாங்குவது எப்படி?

பிரிண்ட் எடுத்த தாளைக் கட்டைவிரலால் தேய்த்தால் எழுத்து அழிகிறதா, அல்லது ஒரே கறை சீரான இடைவெளியில் தாள் முழுக்க விழுகிறதா? கடைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் "ஃபியூசர் போயிடுச்சு, யூனிட்டையே மாத்தணும்" என்பார்கள். ஃபியூசர் என்பது டோனர் என்ற மைத்தூளைச் சூட்டால் உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் யூனிட். ஆனால் அது முழுவதும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அரிது. உள்ளே இருக்கும் ஒரு ஃபிலிமோ ஒரு ரோலரோதான் பழுதாகியிருக்கும். அது எது என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றை நல்ல தரத்தில் வாங்கிப் போட்டால் போதும்.

இங்கே எச்பி லேசர்ஜெட் 1020, எம்1005, கேனான் எல்பிபி2900 வகையை வைத்துச் சொல்கிறேன். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் ஓடுபவை இவைதான்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது?

மேலே ஒரு செராமிக் ஹீட்டர் பட்டை, அதைச் சுற்றி ஓடும் மெல்லிய ஃபிலிம் (கடையில் 'டெஃப்லான்' என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள்), கீழே ரப்பர் பிரஷர் ரோலர். டோனர் தூள் ஃபிலிமுக்கும் ரோலருக்கும் நடுவில் கிட்டத்தட்ட 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகித் தாளில் ஒட்டுகிறது. சூட்டை அளக்க ஒரு தெர்மிஸ்டர், சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு பாதுகாப்பு ஃபியூஸ், ரோலரின் இரு முனையிலும் அதைத் தாங்கிச் சுழலவிடும் வளையமான புஷ், ஒரு கியர். அவ்வளவுதான்.

வாங்கப் போகும் முன்: குறை ஃபியூசரில்தானா?

ஒரு பக்கத்தை பிரிண்ட் கொடுத்துவிட்டு, தாள் பாதி வழியில் இருக்கும்போது மூடியைத் திறந்து வெளியே எடுங்கள். ஃபியூசருக்குள் போகாத பகுதியில் தூள் ஒட்டாமல் இருக்கும், அது சரியானதுதான். அந்தப் பகுதியிலேயே கறையோ கோடோ இருந்தால் குறை பெரும்பாலும் கார்ட்ரிட்ஜில். அங்கே சுத்தமாக இருந்து, ஃபியூசரைத் தாண்டிய பகுதியில் மட்டும் கறை இருந்தால் குறை ஃபியூசரில்.

கறை திரும்ப விழும் இடைவெளியையும் ஸ்கேலால் அளந்துவிடுங்கள். மேலே சொன்ன எச்பி மாடல்களில் போடும் 12ஏ கார்ட்ரிட்ஜின் டிரம் (டோனரைத் தாளுக்குக் கொண்டுபோகும் உருளை) 24 மி.மீ. விட்டம், அதனால் டிரம்மில் உள்ள குறை சுமார் 75 மி.மீ.க்கு ஒரு முறை வரும். மற்ற உருளைகளுக்கும் இதே கணக்குதான்: விட்டத்தை 3.14 ஆல் பெருக்கினால் இடைவெளி கிடைக்கும்.

எழுத்து அழிவது மட்டும்தான் பிரச்சினை என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். தடித்த தாள், ஈரம் ஏறிய தாள், மலிவான ரீஃபில் டோனர் எல்லாமே இதே குறையைத் தரும். கணினியில் பிரிண்டர் டிரைவரில் தாள் வகையை மாற்றி, வேறு கார்ட்ரிட்ஜ் போட்டும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பிரித்து எடுத்தல்

பவர் வயரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடு மட்டுமல்ல, அந்த ஹீட்டருக்கு நேரடியாக 230 வோல்ட் வருகிறது. பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், நீளமும் விட்டமும் ஒப்பிட அது கையில் வேண்டும்.

ஃபிலிம்

அதிகம் ஏமாறும் இடம் இதுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை இருக்கக் கூடாது, நிறம் திட்டுத்திட்டாக இருக்கக் கூடாது, ஒட்டிய தையல் கோடு தெரியக் கூடாது. இரு ஓரமும் பிசிறில்லாமல் நேராக வெட்டப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் சூட்டில் ஓட ஓட அங்கிருந்துதான் கிழிசல் தொடங்கும். கவரில் தட்டையாக மடக்கி வைத்துக் கொடுத்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். மடிப்பு விழுந்த ஃபிலிம் அந்த மடிப்பிலேயே விட்டுப்போகும். குழாய் போல உருண்டையாக, உள்ளே ஏதாவது தாங்கலோடு வருவதே நல்லது.

கூடவே சூடு தாங்கும் ஃபியூசர் கிரீஸும் வாங்குங்கள். சாதாரண வண்டி கிரீஸ் இந்தச் சூட்டில் காய்ந்துவிடும், பிறகு ஃபிலிம் இறுகி நின்று கிழியும். "ஃபிலிம் போட்டேன், உடனே போயிடுச்சு" என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. கிரீஸை ஹீட்டர் பட்டை மேல் மெல்லியதாகத் தடவுங்கள், அள்ளி அப்பினால் ஓரம் வழியாக வழிந்து தாளில் எண்ணெய்க் கறையாக வரும்.

பிரஷர் ரோலர்

விரலால் முனை, நடு, மறு முனை என்று அழுத்திப் பாருங்கள், எல்லா இடத்திலும் ஒரே மென்மை வேண்டும். மேலுறையில் சுருக்கமோ குமிழோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சமதளமான கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். பழைய ரோலரில் ரப்பர் உரிந்திருந்தால், புது ஃபிலிம் மட்டும் போடுவது பணத்தை வீணாக்கும் வேலை. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புஷ் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

ஹீட்டர், அல்லது முழு யூனிட்

இங்கே வோல்டேஜ்தான் உயிர். 110-120 வோல்ட் நாடுகளுக்கான யூனிட்கள் பழைய சாமான் வழியாகவும் ஆன்லைனிலும் வருகின்றன, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பார்த்தால் வித்தியாசம் தெரியும். 800 வாட் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட் ஹீட்டர் சுமார் 66 ஓம்ஸ் காட்டும், 115 வோல்ட் ஹீட்டர் சுமார் 16.5 ஓம்ஸ்தான் காட்டும். அதை நம் மின்சாரத்தில் போட்டால் நான்கு மடங்கு சூடு! பழைய ஹீட்டர் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், பாதியாக உடைந்ததோ விரிசல் விழுந்ததோ மட்டும் மாற்ற வேண்டியது.

முழு யூனிட் வாங்குவதானால் 'புதுசு' என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். கனெக்டர் பின்கள் பழுப்பேறியிருந்தால், கியர் பற்கள் கூராகத் தேய்ந்திருந்தால், ஸ்க்ரூ தலைகளில் கீறல் இருந்தால் அது சுத்தம் செய்து விற்கும் பழையது. பழையது என்று சொல்லி, குறைந்த விலையில், புது ஃபிலிம் போட்டு, வாரன்ட்டியை பில்லில் எழுதித் தந்தால் தாராளமாக வாங்கலாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் வாங்குவதானாலும் இதையெல்லாம் அங்கேயே நின்று பாருங்கள்.

பாதுகாப்பு ஃபியூஸ் போயிருந்தால் அதே ரேட்டிங்கில் புதியது போடுங்கள். வயரால் நேராக இணைத்துத் தர யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது தீப்பிடிக்கும் வேலை.

மாட்டிய பிறகு

பவர் போடும் முன் கியரைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஃபிலிம் ஒரு பக்கமாக ஒதுங்காமல் சீராகச் சுற்ற வேண்டும். அப்புறம் சில வெற்றுத் தாள்கள், பிறகு கறுப்பு அதிகமுள்ள ஒரு பக்கம். நடுவிலும் இரு ஓரத்திலும் விரலால் தேய்த்துப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் அழிந்தால், ஃபிலிமையும் ரோலரையும் சேர்த்து அழுத்தும் ஸ்பிரிங் அந்தப் பக்கம் சரியாக உட்காரவில்லை. திரை உள்ள எச்பி மாடல்களில் 50 என்று தொடங்கும் எரர் வந்தால் அது ஃபியூசர் சூடு பற்றியது. உடனே வேறு பாகம் வாங்க ஓடாமல், தெர்மிஸ்டர் கனெக்டர் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.