நம்ம நாட்டு வண்டிதான் வாங்குவேன் என்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் ஒரு வீட்டில் முதல் கார் வாங்கப் போகிறார்கள் என்றால் யாராவது ஒரு பெரியவர் சொல்லாமல் விடமாட்டார்: "காசு வெளிநாட்டுக்குப் போகக் கூடாதுப்பா, நம்ம நாட்டு வண்டியா பாத்து வாங்கு." நல்ல எண்ணம்தான், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் எது நம்ம நாட்டு வண்டி என்று முடிவு செய்யும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் தவறு, பெயரைப் பார்த்து முடிவு செய்வது. மாருதி என்றால் நம்முடையது, ஹூண்டாய் என்றால் கொரியாக்காரனுடையது என்று பேசுகிறோம். 1983-ல் மாருதி 800 வந்தபோது அது அரசு நிறுவனம், சுசுகி சிறிய பங்குதாரர். 2002-லேயே நிர்வாகம் சுசுகியின் கைக்குப் போய்விட்டது. இன்று பாதிக்கு மேற்பட்ட பங்கும் அந்த ஜப்பான் நிறுவனத்திடம்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், 1998-ல் சான்ட்ரோவோடு தொடங்கிய ஹூண்டாய் ஆலை இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது, நம்ம ஊரிலிருந்து பஸ் பிடித்து ஷிப்டுக்குப் போகும் தூரம். ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டும் இங்கிலாந்துப் பெயர்கள். 2008 முதல் அவற்றின் முதலாளி டாடா.

இந்தக் குழப்பம் நம் பகுதிக்குப் புதிதும் இல்லை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டித் தந்தது. 1955-ல் இங்கிலாந்து லாரிக் கம்பெனியான லேலண்டின் பங்கு சேர்ந்து அசோக் லேலண்டு ஆனது. அதே காலத்தில்தான் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் பூட்டத் தொடங்கினார்கள். அந்த பைக்கை உருவாக்கிய இங்கிலாந்து கம்பெனி மூடிப்போனது. திருவொற்றியூரில் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, இன்று அதற்கு இந்திய முதலாளி. பிறந்த நாடு, முதலாளி, வேலை நடக்கும் இடம் மூன்றும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. கார் கடைசியாக எந்த ஆலையிலிருந்து வெளியே வந்தது என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்வது. ஆர்.சி. புக்கில் இருக்கும் 17 இலக்கச் சேசிஸ் நம்பரைப் பாருங்கள். மாருதிக்கு எம்.ஏ.3, ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல்., டாடாவுக்கு எம்.ஏ.டி. (MAT) என்று தொடங்கும். முதல் இரண்டு எழுத்தும் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டவை. சரி, இது இந்தியாவில் செய்த கார் என்று தெரிந்துவிட்டது. உள்ளே இருக்கும் பாகங்கள் எங்கிருந்து வந்தன என்பதை அந்த நம்பர் சொல்லாது. அமெரிக்காவில் 1992-ல் போட்ட சட்டப்படி, புதிய காரில் அமெரிக்கா, கனடா பாகங்கள் எத்தனை சதவீதம் என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நம் நாட்டு ஷோரூமில் அப்படி ஒன்றைப் பார்க்க முடியாது. இங்கும் அது கட்டாயமாக வர வேண்டும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

பாகங்கள் என்று வந்தால் சென்னையின் வடக்கும் வடமேற்கும் ரொம்ப முக்கியமான இடங்கள். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். 1961-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு அங்கேயே டயருக்கு மாறினார்கள். பாடி என்ற பகுதியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். ஸ்டார்ட்டர் மோட்டார், சக்கரம், போல்ட் என்று இங்கே கடைந்தெடுத்த சாமான், கொரியா பெயர் போட்ட காரிலும் இருக்கும், மும்பைப் பெயர் போட்ட காரிலும் இருக்கும். ஒரு காரின் பானெட்டைத் திறந்தால் பாடியில் வேலை செய்யும் ஒருவருடைய சம்பளம் அதற்குள் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. முன்னால் ஒட்டியிருக்கும் லோகோ அதற்குப் பிறகுதான்.

மின்சாரக் காரில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. மஹிந்திராவின் பி.இ.6 முழுக்க இந்தியக் கம்பெனியின் வண்டி. பேட்டரிக்குள் இருக்கும் செல் சீனாவின் பி.ஒய்.டி. கொடுப்பது. இதில் குற்றம் எதுவும் இல்லை, செல் தொழிற்சாலைகள் இங்கே இப்போதுதான் எழுகின்றன. ஆனால் மின்சாரக் காரின் விலையில் ஒரு பெரிய பங்கு பேட்டரிக்குப் போகிறது என்பதை மறந்துவிட்டு, முழுக்க நம்ம சரக்கு என்று நினைத்து வாங்கக் கூடாது. 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது எல்லா நாட்டுப் பெயருள்ள கார்களுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2025-ல் மின் மோட்டாருக்குத் தேவையான அரிய மண் காந்தங்களுக்குச் சீனா கட்டுப்பாடு போட்டபோதும் இந்திய ஆலைகள் கவலைப்பட்டன.

வரி பற்றி ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. ஸ்ரீபெரும்புதூர் கார் வாங்கினால் ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டுக்கு, புனே கார் வாங்கினால் மகாராஷ்டிராவுக்கு என்று நினைக்கிறார்கள். ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கு பொருள் வாங்கப்படும் இடத்துக்குத்தான் போகும். மாதவரத்தில் வாங்கினால் எந்த ஊரில் செய்த காராக இருந்தாலும் அந்தப் பங்கு தமிழ்நாட்டுக்கே. வரி விகிதமும் முதலாளியின் நாட்டைப் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள்ளும் 1200 சி.சி.க்குள்ளும் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், பெரிய காருக்கு 40.

அப்புறம், வெளிநாட்டுக் கம்பெனி ஓடிவிடும், நம்ம கம்பெனி நிற்கும் என்ற வாதம். ஃபோர்டு 2021-ல் அறிவித்துவிட்டு 2022-ல் மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்தியது உண்மை. அங்கே செய்த ஈகோஸ்போர்ட் அமெரிக்காவரை போய் விற்றது, அப்படியும் ஆலை தப்பவில்லை. தொழிலாளர்கள் இழப்பீட்டுக்காகப் போராட வேண்டியிருந்தது. இப்படி ஒரு ஆலை மூடினால் அதை நம்பியிருந்த, பாகங்கள் செய்து தரும் வெண்டார் கம்பெனிகளின் காண்ட்ராக்ட் ஆட்கள்தான் முதலில் வெளியே நிற்பார்கள், அவர்களைப் பற்றிய செய்தி பேப்பரில்கூட வராது. ஆனால் 2014-ல் அம்பாசடரை நிறுத்திய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முழு இந்தியக் கம்பெனி.

பாதுகாப்பை நாட்டோடு முடிச்சுப் போடுவது ஆபத்தான தவறு. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014 தொடக்கத்தில் முடிவு வெளியிட்ட, இந்தியாவில் விற்ற ஐந்து கார்களும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ஜியம் வாங்கின: ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. ஏர்பேக் இல்லாத மாடல்கள் அவை. 2018-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் நெக்ஸான். ஆக இரண்டு பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. 2023 அக்டோபரில் நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப் தொடங்கிவிட்டது. நீங்கள் எடுக்கும் அதே மாடலுக்கு என்ன மதிப்பெண் என்று பார்த்துவிட்டே முன்பணம் கட்டுங்கள்.

ஷோரூமில் கேட்க வேண்டியவை சில உண்டு. என்ஜினும் கியர்பாக்ஸும் இங்கேயே செய்ததா, கப்பலில் வந்ததா? பம்பர், ஹெட்லைட் உடைந்தால் எத்தனை நாளில் கிடைக்கும்? தண்டையார்பேட்டைக்கோ பெரம்பூருக்கோ பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? மின்சாரக் கார் என்றால் பேட்டரி வாரண்டி எத்தனை வருடம், எதெல்லாம் அதில் அடங்காது? சேல்ஸ்மேன் வாயால் சொல்வதோடு விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.