மொர்வான் காட்டு மேடுகளில் ஓட ஒரு சுற்றுப்பாதை வரைவது எப்படி?

போன அக்டோபரில் பிரான்சின் மொர்வான் பகுதியில், மோன் பெவ்ரே மலையின் அடிவாரத்தில் 14 கிலோமீட்டர் சுற்று ஒன்று போட்டுக்கொண்டு ஓடக் கிளம்பினேன். ஒன்பதாவது கிலோமீட்டரில் பாதையே இல்லை. வழிகாட்டும் ஜி.பி.எஸ். கைக்கடிகாரத்தில் நான் வரைந்த கோடு நேராகப் போகிறது. எதிரே டக்ளஸ் என்னும் ஊசியிலை மரங்களை வெட்டிச் சாய்த்த மொட்டைச் சரிவு, அடிக்கட்டைகள், முழங்கால் உயரத்துக்கு முட்செடி, வெட்டு இயந்திரத்தின் சக்கரத் தடங்களில் தேங்கிய சேறு. வழியடையாளங்கள் மரத்தில்தானே பூசப்பட்டிருக்கும்? மரம் போனதும் அடையாளமும் போய்விட்டது. கஷ்டப்பட்டுக் கீழிறங்கிச் சாலைக்கு வந்தபோது, ஓரத்தில் அடுக்கியிருந்த கட்டைகளில் ஒன்றின் பட்டையில் அந்த வெள்ளை-சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

அதன் பிறகு நான் பாதை வரையும் முறையையே மாற்றிக்கொண்டேன். இப்போது செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

மொர்வான், பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தின் நடுவில் இருக்கும் கருங்கல் மேட்டுநிலம். உச்சியான ஓ-ஃபொலேன் 901 மீட்டர்தான். ஆல்ப்ஸோடு ஒப்பிட்டு இதைக் குறைத்து எண்ண வேண்டாம். இங்கே ஒரே நீண்ட ஏற்றம் கிடையாது. ஏறி, ஓடையில் இறங்கி, மறுபடி ஏறி என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சின்னச் சின்ன ஏற்றங்கள்தான் தொடையைத் தின்னும்.

தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது மோன் பெவ்ரே, 821 மீட்டர். பண்டைய பிரான்சில் வாழ்ந்த கோல் இனக்குழுவான ஏதுயிகளின் தலைநகர் பிப்ராக்த் இந்த மலைமேல்தான் இருந்தது. கி.மு. 52-இல், ரோமானியரை எதிர்த்துப் போரிட்ட வெர்சின்ஜெத்தோரிக்ஸைக் கோல் படைகளின் தலைவனாக ஏற்றுக்கொண்டது இங்கேதான். ஒரு காலத்தில் வேலிக்காக வளைத்துப் பின்னிய பீச் (beech) மரங்கள், பிறகு யாரும் வெட்டாமல் விட்டதால், ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பெரிய மரங்களாக நிற்கின்றன. பாசி படிந்த அந்த மரங்களுக்கு நடுவே பனிமூட்டத்தில் ஓடுவதற்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

படி 2: கோடு போடுங்கள்

பிரான்சின் அரசு வரைபட நிறுவனமான ஐ.ஜி.என்.-இன் 1:25,000 வரைபடம்தான் அடிப்படை. ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். 'கார்த் ஐ.ஜி.என்.' செயலி இலவசம், அதிலேயே வரையலாம். கோமூட், விசோராந்தோ என்ற பாதை வரையும் செயலிகள் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே இருக்கின்றன. ஆனால் 'தானாகப் பாதையில் ஒட்டிக்கொள்' என்ற வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் கோடு எந்தப் பாதையில் போகிறது என்று நம் கண் பார்ப்பதில்லை. கையால் புள்ளி புள்ளியாக வைத்தால் ஒவ்வொரு திருப்பமும் மனதில் பதியும்.

கூடியவரை அடையாளமிட்ட பாதைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை-சிவப்பு என்றால் ஜி.ஆர். என்னும் நெடுந்தூரப் பாதை. ஃபோந்தேன்புளோ பக்கமிருந்து வரும் ஜி.ஆர். 13 மொர்வானைக் கடந்து புர்போன்-லான்சி வரை போகிறது. மஞ்சள்-சிவப்பு வட்டாரச் சுற்று, வெறும் மஞ்சள் உள்ளூர்ப் பாதை. பெருக்கல் குறி கண்டால் தப்பான திசை, திரும்பிவிடுங்கள்.

படி 3: கோட்டைச் சோதியுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் வான்வழிப் படத்தை வரைபடத்தின் மேல் அடுக்காகப் போடுங்கள். ஒளிபுகு அளவை முன்னும் பின்னும் இழுத்தால் வரைபடமும் படமும் மாறி மாறித் தெரியும். வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடம் படத்தில் வெளிறிய பழுப்பாகத் தெரிந்தால், அங்கே மரம் வெட்டியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகச் சீப்பு வாரியதுபோல் கரும்பச்சையாக இருந்தால் டக்ளஸ் தோட்டம்: இன்றைக்கு மரம் நிற்கலாம், அறுவடைக்குத் தயாராகவும் இருக்கலாம். பீச், ஓக் கலந்த பழைய காடு முட்டைக்கோசை மேலிருந்து பார்ப்பதுபோல் சொரசொரப்பாக இருக்கும். என் கோடு முடிந்தவரை அதன் வழியாகப் போகும்படி பார்த்துக்கொள்கிறேன். படம் எந்த ஆண்டு எடுத்தது என்பதையும் பாருங்கள்.

அடுத்து, கதாஸ்த்ர் எனப்படும் நில அளவை அடுக்கை இயக்குங்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் நம் சர்வே எண் போல ஓர் எண் இருக்கும். ஊராட்சிக்குச் சொந்தமான ஊர்ப்பாதைகள் பெரும்பாலும் எண்ணில்லாத வெள்ளைப் பட்டையாக, துண்டுகளுக்கு நடுவே ஓடும். உங்கள் கோடு அந்த வெள்ளைப் பட்டையில் இருந்தால் நல்லது. எண்ணுள்ள துண்டின் குறுக்கே போனால், அது யாரோ ஒருவரின் காட்டுக்குள் போகும் வழி. வரைபடத்தில் இரண்டும் ஒரேமாதிரி விட்டுவிட்ட கோடாகத்தான் தெரியும்! 2023 பிப்ரவரியில் வந்த சட்டத்தின்படி, தனியார் இடம் என்று அடையாளம் வைத்த காட்டிலோ வயலிலோ நுழைந்தால் 135 யூரோ அபராதம் விதிக்கலாம்.

ஓட்டங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடத்தை (பலர் ஓடிய வழிகளைப் பளிச்சென்று காட்டுவது) நம்பிப் பலர் வரைகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். டிரெயில் எனப்படும் காட்டுப்பாதை ஓட்டப் போட்டி நடத்துபவர்கள் நில உரிமையாளரிடம் ஒரு நாளைக்கு மட்டும் அனுமதி வாங்குவதுண்டு. நூற்றுக்கணக்கானவர்கள் அன்று ஓடியதால் அந்தக் கோடு ஆண்டு முழுக்கப் பளிச்சென்று தெரியும். மறுநாள் போனால் கதவு பூட்டியிருக்கும்.

படி 4: நேரக் கணக்கு

பிரெஞ்சு ஓட்டக்காரர்கள் 'முயற்சிக் கிலோமீட்டர்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டர் கூட்ட வேண்டும். 14 கிலோமீட்டர், 450 மீட்டர் ஏற்றம் என்றால் 18.5. சமதளத்தில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடுபவருக்கு 111 நிமிடம். அக்டோபர், நவம்பரில் நான் இதற்கு மேல் இன்னும் கால் மணி நேரம் சேர்ப்பேன். பீச் இலைகள் கொட்டி ஈரமான கருங்கல்லை மூடிவிடும், இறக்கத்தில் வேகம் எடுக்க முடியாது.

படி 5: கிளம்பும் முன்

வரைபடத்தைத் தொலைபேசியில் இறக்கிவையுங்கள், பள்ளங்களில் சிக்னல் வராது. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைக் காலம். வேட்டை நடக்கிறது என்ற பலகை வழியில் இருந்தால் சுற்றிப் போக வேண்டாம், திரும்பிவிடுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை கட்டாயம். அவசர எண் 112.

தண்ணீருக்குக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்காக அங்கே அநேகமாகக் குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஜனவரியில் போன ஒருவர், குழாய் அடைத்திருந்தது என்று எழுதியிருந்தார். உண்மைதான். குழாய் உறைந்து வெடிக்காமலிருக்கக் குளிர்காலத்தில் பல ஊர்களில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை முழுத் தண்ணீரையும் முதுகில் சுமந்து போங்கள்.

இன்னொருவர் உண்ணி பற்றிக் கேட்டார். வெயில் காலத்தில் நீளக் காலுறை போடுங்கள். வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். மருந்துக்கடையில் உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி கிடைக்கும். எண்ணெயோ ஆல்கஹாலோ தடவாமல், தோலை ஒட்டிக் கொக்கியை நுழைத்து மெதுவாகச் சுழற்றி எடுங்கள். தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், லைம் நோயாக இருக்கலாம்.